பெட்டி இல்லாமல் ஒரு பாட்டு

பாப்பா,

உன் மாமியார் நல்லவங்க. எனக்கு இருக்கிற ஒரே குறை அதுதான். கல்யாணம் முடிந்து நீ மறைமலை நகருக்குப் போன நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "மாமியார்க்காரி எப்படி, பொண்ணைப் படுத்துறாளா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். படுத்தினால் பரவாயில்லை. எனக்கும் சொல்ல நாலு வார்த்தை இருக்கும். நீயும் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு முகம் வீங்க இங்கே வருவாய், நான் மீன் குழம்பு வைத்துப் போட்டு உன்னைச் சமாதானப்படுத்துவேன். அதற்கெல்லாம் வழியே இல்லாமல் செய்துவிட்டார்கள் அந்த அம்மா. போன வாரம் நீ ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ வைத்திருந்தாய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் விளையாட்டு ஷூ போட்டுக்கொண்டு, உன் சவுண்ட் பெட்டிப் பையைத் தோளில் மாட்டியபடி உன் அத்தை முன்னால் நடக்கிறார்கள். நீ மைக்கை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி பின்னால் போகிறாய். கீழே 'எங்க டீம் மேனேஜர்' என்று எழுதியிருந்தாய். நான் அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று ஷூ நாடா வரைக்கும் பார்த்தேன். ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள்.

இதைப் போனில் சொன்னால் "அய்யோ அம்மா" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். மெசேஜில் அனுப்பினால் ஒரு சிவப்பு இதயத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாய். அதனால் உட்கார்ந்து கடிதமாகவே எழுதுகிறேன். எழுதி, நான் வார்டனாக இருக்கிற ஹாஸ்டல் பெண்கள் இந்த வருஷம் போடுகிற மலருக்குக் கொடுத்துவிடப் போகிறேன். எல்லோரும் படிக்கட்டும். உன் அத்தைக்கும் ஒரு பிரதி வந்து சேரும், அவர்களும் படிக்கட்டும். வயிற்றெரிச்சலை மறைத்து வைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டில் போய்ச் சிரிக்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பெட்டி வாங்கிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் என் எரிச்சல் அங்கேதான் தொடங்கியது. உனக்குத் தெரிந்த கதைதான், மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் பாட்டு டீமில் நீங்கள் நாலு பேர். எல்லோரும் ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். கீபோர்டு வாசிக்கிற தூத்துக்குடித் தம்பி, கிதார்க்காரன், தாளத்துக்குப் பேடு தட்டுகிறவன், பாடுவதற்கு நீ. ரிசப்ஷன், பிறந்தநாள், கம்பெனி குடும்ப விழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவீர்கள். ஒவ்வொரு தடவையும் வாடகை சவுண்ட் செட். அந்த ஆள் வருவதற்குள் பாதிக் கூட்டம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கும். வந்தாலும் நீ சொல்கிறபடி ஒரு திருகைத் திருப்ப மாட்டார், "எனக்குத் தெரியும்மா, நீ பாடு" என்பார். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவோம், கரண்ட் இல்லாத இடத்திலும் பேட்டரியில் ஓட வேண்டும், ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள்.

சத்தம் சம்பந்தப்பட்ட விஷயம். இதற்கு என்னைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்? ஹாஸ்டல் வார்டனாக ஆவதற்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் போன் கம்பெனியில் என் வேலையே காதுதான். லைனில் வருகிற ஒவ்வொரு போனையும் எடுத்து, காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அடியிலிருந்து உச்சிக்கு ஏறுகிற அந்த ஊய்ங் சத்தத்தைக் கேட்க வேண்டும். நடுவில் எங்கேயாவது இம்மி கரகரப்பு இருந்தால் சிவப்புக் கூடையில் போட வேண்டும். ஷிப்ட் முழுக்க அதே வேலை. பிறகு அதற்கு மிஷின் வந்துவிட்டது, அது வேறு கதை. நல்ல ஸ்பீக்கர் எது, சொத்தை எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நீ என்னடாவென்றால், நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்திருந்த அந்தச் சமயத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து, தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "நாளைக்கு தாம்பரம் போறோம்மா, பெட்டி பாக்க. அத்தை வர்றாங்க. நீ வரியா?" என்றாய். "நான் இன்னாத்துக்கு? அதான் பெரியவங்க வராங்களே" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்தேன். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய், நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

உன் அத்தை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். வாழ்க்கையில் பாதியை வெயிலில் மைதானத்தில் நின்று கழித்தவர்கள். கடைக்குள் வந்ததும் பெட்டியைப் பார்க்கவே இல்லை, வாசலைத் திரும்பிப் பார்த்து ரோடு எவ்வளவு அகலம் என்று அளந்தார்கள். கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். இரண்டு பெரிய பெட்டியும் தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பலகையும் சேர்ந்தது ஒன்று; அதைத் தூக்க டெம்போ வேண்டும் என்று உடனே ஒதுக்கினோம். சூட்கேஸ் மாதிரி சக்கரம் வைத்து, முன்னால் கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டி ஒன்று. மூன்றாவது, ஆள் உயரத்துக்கு ஒல்லியாகக் கம்பம் மாதிரி நிற்பது. துண்டு துண்டாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம், நாலு வயர் சொருக இடம் இருந்தது. நான் என் வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் குனிந்து, ஒரு சாண் தூரத்தில் காதை வைத்தேன். விளக்குப் பெட்டி கழுவி வைத்த மாதிரி சுத்தம். கம்பத்தில், யாரும் பாடாதபோது, ஸ்ஸ்ஸ் என்று மெல்லிசாக ஒரு இரைச்சல். "இது ரிஜெக்ட்" என்றேன். எத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தையைச் சொன்னேன் தெரியுமா? நாக்குக்கு இனிப்பாக இருந்தது.

நான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் உன் அத்தை உன்னை மைக்கில் பாடச் சொல்லிவிட்டு, செருப்புக்குப் பதிலாகப் போட்டிருந்த அந்த ஷூவோடு விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்து டீக்கடை வாசலில் போய் நின்றார்கள். திரும்பி வந்து, "ஒல்லியா நிக்குதே, அதான் சம்பந்தி நல்லா இருக்கு. அந்தாண்ட வரைக்கும் வார்த்தை புரியுது" என்றார்கள்.

"அதுல இரைச்சல் கீது. உங்களுக்குக் கேக்கல?"

"அங்க கேக்கல."

"கிட்ட வந்து கேளுங்க, தெரியும்."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "பாட்டு கேக்க வர்றவங்க யாரு சம்பந்தி இவ்ளோ கிட்ட வரப் போறாங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்கள். எனக்குச் சுரீரென்றது. என் முகம் எப்படிப் போனதோ, நீ அவர்களை ஒரு தடவை பார்த்தாய், என்னை ஒரு தடவை பார்த்தாய், "அம்மா சொல்றதையே எடுத்துக்கலாம், அவங்க இதுலயே வேலை பாத்தவங்க" என்றாய். ஜெயித்துவிட்டேன். வரும்போது பஸ்ஸில் விளக்குப் பெட்டியை என் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கனத்தில் முட்டி வலித்தாலும், ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

அந்தப் பெட்டியை முதலில் எங்கே வைத்துப் பாடினாய்? என் ஹாஸ்டலில். பொங்கல் லீவுக்குப் பெண்கள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து பொங்கல் வைக்கிற நாள். 'எம் பொண்ணு பாடுது, நான் செலக்ட் பண்ண சவுண்டு' என்று ஒரு வாரமாக மாடி மாடியாகச் சொல்லி வைத்திருந்தேன். சம்பந்தியையும் மெனக்கெட்டு அழைத்திருந்தேன், ஏன் அழைத்தேன் என்று உனக்குப் புரியும். நம் காம்பவுண்டுக்கு வெளியே கம்பெனி பஸ் திரும்புகிற இடம், அதற்கும் அந்தாண்ட கன்டெய்னர் லாரி. நீ பாட ஆரம்பித்தாய். முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர்களுக்கு டொம் டொம் என்று இடி மட்டும் கேட்டது. கடைசியில் இருந்து நம் திருநெல்வேலிப் பெண் எழுந்து வந்து, "வார்டன் அக்கா, அக்கா என்ன பாட்டு பாடுதாவன்னே தெரியல, பாத்துக்கிடுங்க" என்றாள். கீபோர்டுத் தம்பி வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ரெண்டு ஓட்டைதான இருக்கு, நான் எங்க சொருவ?" என்று நின்றான். நான் போய்ச் சத்தத்தைக் கூட்டினேன். பெட்டிக்கு நேர் முன்னால் மைக்கோடு நீ நின்றதால் கீ என்று ஒரு கூவல், பஸ் டிரைவர் கூட இறங்கி எட்டிப் பார்த்தார். கேட்கட்டும் என்று நீ தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினாய். உனக்குக் கத்த வராது. மூன்றாவது பாட்டில் குரல் உடைந்துவிட்டது.

உன் அத்தை எழுந்தார்கள். என்னைப் பார்க்கவே இல்லை. நாலு பெண்களைக் கூப்பிட்டு, பெட்டியைத் தூக்கித் துணி துவைக்கிற கல்மேடை மேல் வைத்து, உன்னைக் கையைப் பிடித்து அதற்குப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தி, இடிச் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு தன் பையில் இருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து உனக்கு வெந்நீர் ஊற்றினார்கள். என் ஹாஸ்டல், பின்னால் என் அடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கிறது, நீ குடித்தது அவர்கள் ஃபிளாஸ்க்கில் இருந்து. என்னைத் திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "பொண்ணுக்குச் சின்னக் குரல் சம்பந்தி. அது மேல ஏறி உக்கார்ற பெட்டி வேணாம்" என்று மட்டும் சொன்னார்கள். உன் குரல் சின்னக் குரல் என்று எனக்கே சொல்கிறார்கள். பெற்றவள் நான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பொங்கல் பானையை விளக்கிய விளக்கில் அதன் கருப்பெல்லாம் போய்விட்டது.

ஆனாலும் நான்தான் உனக்குப் போன் செய்து, மாற்றிவிடலாம் வா என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். கீபோர்டுத் தம்பி ஒரு நாள் ஹாஸ்டல் வாசலில் என்னைப் பார்த்து, "அக்கா சொன்னாவ, பெட்டி நல்ல பெட்டிதானாம், நாங்கதான் வைக்கத் தெரியாம வச்சோமாம்" என்றான். எனக்காக நீ பொய் சொல்லியிருக்கிறாய். அதுவும் குரல் கட்டிப்போய், கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லாத நேரத்தில். உன் ரிசப்ஷனில் நீயே பாடுவதாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. என் முகம் வாடக் கூடாது என்று உன் குரலைக் கெடுத்துக்கொள்ளப் பார்த்தாய். இனிமேல் அப்படிச் செய்யாதே. எனக்காகவும் வேண்டாம், உன் புருஷனுக்காகவும் வேண்டாம், உன் அத்தைக்காக நிச்சயமாக வேண்டாம்.

மறுபடியும் அதே கடை. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு மாற்றித் தர ஒப்புக்கொண்டார். நான் பழக்கத்தில் கம்பத்தின் பக்கத்தில் குனியப் போனேன், உன் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள். ஆட்டோக்காரன் திட்டினான், அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. டீக்கடை வாசலில் நிறுத்தி, கடையைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினார்கள், ஓட்டப் பந்தயம் ஆரம்பிக்கிற மாதிரி. நீ பாடினாய். கத்தவில்லை, எப்போதும் போல மெதுவாகத்தான். நடுவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போன பிறகும் உன் வார்த்தை ஒவ்வொன்றும் அப்படியே ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அந்த ஸ்ஸ்ஸ் இரைச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் நின்று உன்னை நான் கேட்டதே இல்லை பாப்பா. இது யார் குரல் என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கிளாஸை வாயருகே வைத்தபடி அப்படியே நின்று, "யாருங்க பாடறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் அத்தை, "எங்க வூட்டுப் பொண்ணு" என்றார்கள்.

கல்யாணப் பத்திரிகை அச்சடித்து வந்திருந்தது, அவ்வளவுதான். தாலி இன்னும் ஏறவில்லை. அதற்குள் எங்க வூட்டுப் பொண்ணாம். எனக்கு அவர்கள் மேல் பொறாமை, அந்த டீ குடித்தவர் மேல் பொறாமை, அந்த வழியாகப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அரை வரி கேட்டவர்கள் எல்லோர் மேலும் பொறாமை. யாரென்றே தெரியாதவர்களுக்கெல்லாம் நீ கிடைக்கிறாய். திரும்பி வருகிறபோது உன் அத்தை கேட்டார்கள், "எவ்ளோ மெதுவா பாடுது, ஆனா ஒரு எழுத்து தேயல. எங்க கத்துக்கிச்சு சம்பந்தி?" என்று. "தெரியல" என்றேன்.

தெரியாமல் என்ன. அப்போது நமக்கு ஒரே அறை. உன் அப்பா கம்பெனி பஸ்ஸில் நைட் டியூட்டி பார்த்துவிட்டு வந்து பகல் முழுக்கத் தூங்குவார். அவர் தூங்கினால்தான் ராத்திரி பஸ்ஸில் இருக்கிறவர்கள் உயிரோடு போய்ச் சேருவார்கள் என்று நான் உன்னைப் பயமுறுத்தி வைத்திருந்தேன். பாத்திரம் உருளக் கூடாது, கதவு கிரீச்சிடக் கூடாது. நான் ஷிப்ட் முடிந்து வந்து கால் நீட்டிப் படுத்ததும் நீ பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்வாய். ஸ்கூலில் கற்றுக்கொண்ட பாட்டைப் பாடியே ஆக வேண்டும் உனக்கு. அப்பா எழுந்துவிடக் கூடாது. அதனால் என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, காற்றும் குரலும் பாதிப் பாதியாகக் கலந்து பாடுவாய். வார்த்தை புரியாவிட்டால் "அப்பறம்?" என்று உதட்டை மட்டும் அசைப்பேன், நீ மறுபடி தெளிவாகச் சொல்வாய். நாள் முழுக்கக் கரகரப்பைத் தேடித் தேடி வலித்த காது அது. அதில் நீ பாடினால் அப்படியே தூங்கிப்போவேன். அங்கேதான் கற்றுக்கொண்டாய். அதை டீக்கடை வாசலில் வைத்து அவர்களுக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஊர் முழுக்கப் படிக்கிற மாதிரி எழுதிவிட்டேன், பரவாயில்லை. தெரிந்துகொள்ளட்டும், தெரிந்துகொண்டு என்ன செய்துவிட முடியும்?

கம்பத்தைப் பற்றிச் சில விஷயம். பேட்டரியை முந்தின நாளே ஏற்றி வை, உன் புருஷனிடம் சொல்லிவிட்டேன் என்று இருக்காதே. ஒரு மைக் கூடுதலாகப் பையில் இருக்கட்டும். போன இடத்தில் முதலில் கூட்டத்தின் கடைசிக்கு யாரையாவது அனுப்பி வார்த்தை புரிகிறதா என்று கேள். உன் அத்தையை அனுப்பு, அவர்களுக்கு நடக்கப் பிடிக்கும். மழை வந்தால் உன்னை நனைய விட்டுப் பெட்டியை மூடாதே, பெட்டியை விட உன் தொண்டை முக்கியம். ரொம்பப் பக்கத்தில் கேட்கிற சின்ன இரைச்சலுக்காக ஒன்றை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதே. இதை வீட்டுக்கும் பொருத்திக்கொள், நான் விளக்க மாட்டேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு மத்தியானம் பாட ஹாஸ்டல் பெண்கள் உங்களைத்தான் கேட்கிறார்கள். வா. கம்பத்தைக் காம்பவுண்டு மூலையில் நிறுத்திப் பாடு, ஒரகடம் போகிற லாரிக்காரன் வரைக்கும் கேட்கட்டும். உன் அத்தையையும் கூட்டி வா, அந்தப் பையை வேறு யார் தூக்குவார்கள்? முன்வரிசையில் நாற்காலி போடுகிறேன், சுண்டல் முதலில் அவர்களுக்குத்தான், வெந்நீர் மட்டும் இந்தத் தடவை என் அண்டாவிலிருந்து. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும், பெட்டியை அணைத்துவிட்டு, அவர்களை டீ குடிக்கச் சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டு, நீ மட்டும் நம் வீட்டுக்குள் வா. பாட்டு கேட்க வருகிறவர்கள் யார் இவ்வளவு கிட்ட வரப் போகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டார்களே, அதற்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான் வருவேன். உன் அப்பாவுக்கு அன்றைக்கும் நைட் டியூட்டிதான், உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார். மெதுவாகப் பாடு.

அம்மா